வங்கித் தபாலைப் பிரித்துப் பாருங்கள்

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன அந்த நீள உறை, பல வீடுகளில் டிவிக்குக் கீழேயோ சாமி அலமாரியிலோ போய் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே நாலைந்து பக்கத்துக்கு ஆங்கிலம். வீட்டுக்கடன் தவணை மூன்று மாதமாக நின்றிருக்கும். என்ன எழுதியிருப்பார்கள் என்று தெரியும் என்பதாலேயே யாரும் பிரிப்பதில்லை. கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த அவகாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும்.

2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வழக்குப் போடாமலேயே வங்கி அடமான வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அடுத்து வருவது அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். முழுக்கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும். தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடு என்பது டீக்கடை யோசனை. அது பலிக்காது. கதவில் ஒட்டியும் நாளிதழில் போட்டும் நோட்டீஸைச் சேர்ப்பிக்க விதிகளிலேயே இடமுண்டு.

என் கணக்கில் அந்த 60 நாள்தான் மொத்த வழக்கிலும் மதிப்புள்ள காலம். நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இதற்குப் பெரிய சட்ட ஞானம் தேவையில்லை. “நான் கட்டிய இரண்டு தவணைகள் வரவு வைக்கப்படவில்லை, ரசீது நகல் இணைத்துள்ளேன்” என்ற ஒரு வரி போதும், பின்னால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் அது சாட்சியாக நிற்கும். மேனேஜரிடம் நேரில் கெஞ்சியதற்குச் சாட்சி கிடையாது. பாக்கியில் ஒரு தவணையை மட்டும் கட்டினால் கணக்கு சீராகாது. மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் வாராக்கடன் நிலையிலிருந்து மீளும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டை நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்கலாம்தான். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது.

60 நாள் கடந்தால் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் சுவாதீன அறிவிப்பு. அந்த நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இவை உள்ளன. உள்ளூர் சிவில் நீதிமன்றத்தில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்ஃபேசி விவகாரத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 34-ஆம் பிரிவு தடுக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேராக உயர் நீதிமன்றம் போவதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. அடமானம் வைத்தது விவசாய நிலமா, பாக்கி மொத்தக் கடனில் 20 சதவீதத்துக்கும் குறைவா என்று வக்கீலிடம் கேளுங்கள். அப்படியானால் இந்தச் சட்டமே பொருந்தாது.

தவணைக்கே பணமில்லை, வக்கீலுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் பல குடும்பங்களில் பத்திரத்திலேயே இருக்கிறது. வீடு மனைவி பெயரில் இருக்கும், அல்லது அவர் இணைக் கடனாளியாக இருப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வரம்புக்கு உட்பட்ட வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் உண்டு. அந்தச் சட்டத்தில் நீதிமன்றம் என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் அடங்கும். வழக்கில் முகாந்திரம் இருக்கிறது என்று மட்டும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தோன்ற வேண்டும். இந்த உரிமையை வங்கி நோட்டீஸில் யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள்.

ஏல விளம்பரம் நாளிதழில் வந்ததும் புரோக்கர்களின் அழைப்பும் வரலாம். ஏலத்தை நிறுத்துகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கும், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவருக்கும் கதவைச் சாத்துங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுத்தொகையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை நிற்கிறது. ஏலம் போய்விட்டாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, எழுதிக் கேளுங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்தால் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் தீர்வு வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நேரில் போக முடியாதவர்களுக்கு இலவசத் தொலைபேசி எண் 15100. பேசும்போது நோட்டீஸ் கையில் இருக்கட்டும். முதலில் அதன் தேதியைச் சொல்லுங்கள்.