தந்தையின் நடைக்கேற்ற வேட்டை

அமெரிக்காவின் மேற்கே ராக்கி மலைத்தொடர் ஊடுருவிச் செல்லும் கொலராடோ, வயோமிங், மான்டானா, ஐடஹோ முதலிய மாநிலங்களில், இலையுதிர் காலம் பிறந்ததும் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட மலையேறுவது பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இளமையில் தம்மைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற தந்தை எழுபது பிராயத்தைக் கடந்த பின், தக்க வழிகாட்டியின் துணையோடு இன்னொரு முறை அவரை அங்கே அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளும் உண்டு. வேட்டையைச் சட்டம் தடுத்துவிட்ட இந்தியாவிலிருந்து நோக்குவோர்க்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே எந்தப் பகுதியில், எந்த நாட்களில், எத்தனை விலங்குகளைச் சுடலாம் என்பதை மாநில அரசே வரையறுக்கிறது. உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டாக்கள் மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேரும் வரியும் வனவிலங்குகளைப் பேணுவதற்கே பயன்படுகின்றன.

இத்தகைய பிரயாணத்தை நிச்சயிக்கும் பிள்ளைகள் கொம்பின் பெருமையையே முதலில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியதோ தந்தையின் முழங்காலையும் மூச்சையும். எல்க் மந்தைகள் உலவும் மலைச்சரிவுகள் பல 8,000 அடிக்கும் மேலானவை. சமவெளியில் வாழ்ந்தவர்க்கு அவ்வுயரத்தில் தலைவலியும் தூக்கமின்மையும் மூச்சிரைப்பும் நேர்வது இயல்பு. ஆகையால் முன்னதாகவே மருத்துவரிடம் இருதயத்தைப் பரிசோதித்துக் கொள்வதும், வேட்டைக்கு இரண்டு மூன்று நாள் முந்திச் சென்று மலைக்காற்றுக்குத் தேகத்தைப் பழக்குவதும் அவசியம்.

வேட்டை ஏற்பாடுகளைப் பொதுவாக இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சாலையே இல்லாத வனாந்தரத்துக்குக் குதிரைமீது பல மணி நேரம் ஏறிச் சென்று, கூடாரத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து நடப்பது. வயோமிங்கில், மத்திய அரசு வனாந்தரமென அறிவித்த இடங்களில், வெளிமாநிலத்தார் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசியான துணையோ இன்றிப் பெருவிலங்குகளை வேட்டையாட இயலாது. மற்றொன்று தனியார் பண்ணை நிலத்தில் நடப்பது: இரவில் வீட்டுக் கட்டில், பெரும்பகுதித் தூரம் வண்டி, பிறகு மந்தை மேய வரும் புல்வெளியோரத்தில் மறைவான இருக்கை. குதிரைப் பிரயாணத்தின் ரம்மியம் பெரிதேயாயினும், இடுப்புவலி உள்ள முதியவருக்குப் பின்னதே உகந்தது.

காலத்தையும் யோசிக்க வேண்டும். செப்டம்பரில் ஆண் எல்க் உரத்துக் கூவித் துணை தேடும் பருவம் செவிக்கு விருந்தானாலும், அப்போது வில்வேட்டையே பெரும்பாலும் நடைபெறும். துப்பாக்கிக்குரிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் பனி விழ விழ மந்தைகள் தாழ்வான இடங்களுக்கு இறங்குவதால் ஏற்றம் குறையும், குளிரோ கூடும். நல்ல பகுதிகளின் உரிமங்கள் குலுக்கலில் வழங்கப்படுவதால், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். அத்தகைய அவகாசம் முதியவருக்கு இல்லை. எனவே நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உள்ளதுபோல் நில உடைமையாளர் மூலம் உரிமம் பெறும் வழியையோ, செலவும் போட்டியும் குறைந்த பெண் எல்க் வேட்டையையோ நாடுவது விவேகம். நடக்க இயலாதவர் நிறுத்திய வண்டியிலிருந்தே சுடுவதற்கு விசேஷ அனுமதி தரும் மாநிலங்களும் உண்டு.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை சில. மாநிலப் பதிவு உண்டா? ஒருவருக்கு ஒரு வழிகாட்டியா, இருவருக்கு ஒருவரா? தினமும் எவ்வளவு தூரம் நடத்துவார்? ஆபத்து நேர்ந்தால் மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு? 300 கிலோவைத் தாண்டும் விலங்கு வீழ்ந்தால் இறைச்சியைச் சுமப்பவர் யார்? தந்தை நோயுற்றால் முன்பணம் திரும்புமா? முன்பு வந்த எழுபது வயதுக்காரர்களோடு பேச வழிசெய்யத் தயங்குபவரையும், வேலியிடாத காட்டில் விலங்கு நிச்சயம் கிடைக்குமென்று வாக்களிப்பவரையும் விலக்குவதே நலம். திறமை மிக்கவர்களே வெறுங்கையுடன் திரும்புவது அவ்வேட்டையில் சகஜம்.

இவையனைத்தினும் கடினமானது தந்தையிடம் உண்மையைக் கேட்டறிவது. பிள்ளைக்குப் பாரமாவோமோ என்று அஞ்சும் முதியவர், கேட்டால் “முடியும்” என்றே சொல்வார். ஆதலால் சில மாதங்களுக்கு முன்பே அவரோடு மேட்டுநிலத்தில் நடந்து பார்த்து, எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்பதைக் கண்டு, அதை ஒளிக்காமல் வழிகாட்டிக்கு எழுதிவிட வேண்டும். அவருடைய நடைக்குத் தக்க நிலத்தையும், அந்நடையை அவமதிக்காத வழிகாட்டியையும் தேர்ந்தெடுத்து, கொம்பா இறைச்சியா, அன்றி மகனோடு மலையில் நான்கு நாள் கழிப்பதா என்ற முடிவை மட்டும் அவருடைய சம்மதத்துக்கே விட்டுவிடுவதுதான் முறை.