குடி: கெட்ட பழக்கமா, நோயா?
குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய விடயங்கள்



சம்பளம் போட்ட மறுநாள் நலன்புரி அலுவலகத்துக்கு வரும் தாய்மார் அநேகமாக ஒரே விடயத்தைத்தான் சொல்கிறார்கள். "மனுசன் நல்ல மனுசன்தான். குடிச்சாத்தான் இப்படி. மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணினாரு. மூணு நாள் தாங்கலையே, ஏன்?" இந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தெரியாதபடியால்தான் பல வீடுகளில் சண்டையும் கண்ணீரும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்தப் பதிலை இந்த இதழில் விளங்கப்படுத்துகிறோம்.

குடிப்பது வேறு, அடிமையாவது வேறு

கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஒருவர் குடிப்பார், மறுநாள் வேலைக்குப் போவார். அதுவும் உடம்புக்கு நல்லதல்ல. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அவர் இன்னும் அடிமையாகவில்லை. அடிமையானவரை அறிந்துகொள்ள அதே நிறுவனம் 1992இல் 6 அடையாளங்களை வெளியிட்டது. அவை இன்றைக்கும் நமக்கு உதவும்.

1. குடிக்க வேண்டும் என்ற ஆசை அடக்க முடியாமல் வருதல்.
2. "ஒரு கிளாஸ் மட்டும்" என்று தொடங்கி நிறுத்த முடியாமல் போதல்.
3. குடிக்காவிட்டால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வாந்தி வருதல்.
4. முன்பு ஒரு கிளாசில் வந்த வெறி இப்போது கால் போத்தலிலும் வராமல் இருத்தல்.
5. பிள்ளைகள், கோயில், விளையாட்டு, வீட்டுத் தோட்டம் எல்லாவற்றையும் விட்டுக் குடியிலேயே நேரம் போதல்.
6. உடம்பு கெடுகிறது, குடும்பம் கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்ந்து குடித்தல்.

ஒரு வருடத்துக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து காணப்பட்டால் அது அடிமை நிலை. அதை நோய் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். ரோசம் கெட்டவன், மானம் கெட்டவன் என்று ஏசுவதால் சீனி வியாதி குணமாவதில்லை. இதுவும் அப்படித்தான்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

கால் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. நமது ஈரல் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 8 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். தேசிக்காய்த் தண்ணி, கறுப்புக் கோப்பி, பச்சைத் தண்ணியில் குளிப்பு எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கணக்குப் பாருங்கள். இரவு 9 மணிக்கு அரைப் போத்தல் முடித்தவருடைய உடம்பில் விடிந்து 7 மணிக்கும் மதுசாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் அந்த நிலையில்தான் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கிறார், சறுக்கும் மலையில் ஏறுகிறார், றப்பர் பக்டரியில் றோளருக்குப் பக்கத்தில் கை வைக்கிறார். "நேத்து குடிச்சது இறங்கிருச்சு" என்பது அவருடைய நினைப்பு மட்டுமே.

பல வருடக் குடியில் ஈரல் வீங்கி, பின்பு சுருங்கி, வயிற்றில் தண்ணீர் கட்டும். சாப்பாடு குறைவதால் தயமின் என்ற விட்டமின் குறைந்து ஞாபக சக்தி கெடும், நடை தள்ளாடும். வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு குடியும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய்க்கு வழி இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது போலத்தான்.

சத்தியம் ஏன் நிற்பதில்லை?

பாரம் ஏற்றிய கொழுந்து லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். மதுசாரம் மூளைக்குப் பிரேக் மாதிரி. தினமும் பிரேக்கை மிதித்தால் மூளை சும்மா இருக்காது. வேலை நடக்க வேண்டுமே என்று அது ஆக்சிலேட்டரைக் கூட்டி மிதிக்கப் பழகிக்கொள்ளும். ஒருநாள் திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன நடக்கும்? லொறி பாயும். காலையில் கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், வியர்ப்பதும் இந்தப் பாய்ச்சல்தான். ஒரு மிடறு குடித்தவுடன் நடுக்கம் நிற்கிறது. "இதுதான் எனக்கு மருந்து" என்று அவர் நம்பிவிடுகிறார். சத்தியம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கவனமாக வாசியுங்கள். நீண்ட காலம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து வரலாம். நிறுத்தி 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும்.

ஒரு றப்பர் தோட்டத்தில் மாலை போட்டு விரதம் தொடங்கிய ஒருவருக்கு மூன்றாம் நாள் இப்படி வந்தது. "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று கோடங்கியைக் கூட்டி வந்து விடிய விடிய உடுக்கு அடித்தார்கள். காலையில் வலிப்பு வந்த பின்புதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஊசியும் மருந்தும் கிடைத்து அவர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகமே. விரதம் இருப்பது நல்ல விடயம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் குடிப்பவர் மாலை போடும் முன் வைத்தியரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும்.

கசிப்பு: போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

சீனி, ஈஸ்ட், அழுகிய பழம் போட்டுக் கோடா ஊற வைத்து, துருப்பிடித்த பரலில் வடிப்பது கசிப்பு. அது எவ்வளவு கடுமையானது என்று வடிப்பவருக்கே தெரியாது. போதை கூட்டுவதற்கு அதில் கலப்பவைதான் இன்னும் மோசம். மெதனோல் என்ற தொழிற்சாலை மதுசாரம் சேர்ந்துவிட்டால் கண் பார்வை போகும், உயிரும் போகும். குடித்தவுடன் தெரியாது. 12 மணித்தியாலத்துக்குப் பிறகுகூட வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல், மூச்சு வாங்கல் வரலாம். அப்போது ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நம்மைப் போன்ற தோட்ட மக்களுக்கே இந்தக் கொடுமை நடந்திருக்கிறது. 2019 பெப்ரவரியில் இந்தியாவின் அசாமில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் கள்ளச்சாராயம் குடித்து 150க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், பெண்களும் அதில் அடக்கம். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது.

தூள், ஐஸ், மாத்திரை

டவுனுக்கும் கொழும்புக்கும் கடை வேலைக்குப் போகும் நமது பிள்ளைகளுக்கு இப்போது வேறு ஆபத்தும் காத்திருக்கிறது. 'தூள்', 'குடு' என்பது ஹெரோயின். சில நாட்களிலேயே பிடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் மூக்கு ஒழுகும், கை கால் உளையும், வயிற்றோட்டம் போகும். 'ஐஸ்' அடித்தவர் இரண்டு மூன்று நாள் தூங்க மாட்டார், சாப்பிட மாட்டார், எல்லோரும் தன்னைக் கொல்ல வருவதாகச் சந்தேகப்படுவார். வலிக்கும் நரம்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளையும் போதைக்காக விழுங்குகிறார்கள். வீட்டில் சாமான் காணாமல் போவது, புதுச் சிநேகிதம், திடீர் மெலிவு, தனியாகக் கதவைப் பூட்டிக்கொள்வது இவற்றைக் கண்டால் அடிக்காமல் பேசிப் பாருங்கள்.

சட்டமும் கடுமையானது. 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க 1984 திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2022 திருத்தம் ஐஸையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. "இந்தப் பார்சலை மட்டும் கொண்டு போய்க் குடு தம்பி" என்று யாரும் சொன்னால் நமது பிள்ளைகள் மறுக்கப் பழக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவும் சிகரெட்டும் விற்பதும் குற்றம்.

வீட்டுக் கணக்கு

ஒருவர் நாளைக்கு 500 ரூபாவுக்குக் குடிக்கிறார் என்று வைப்போம். மாதம் 15,000 ரூபா. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் மாதத்தில் 11 பெயர் தவறணைக்கே வேலை செய்ததாகிறது. போகாத நாட்களின் பெயர், அடகு வட்டி, தீபாவளி அட்வான்சில் கரைந்தது எல்லாம் இதற்கு மேல். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் குடியை விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் லயத்தில் அந்தப் பேச்சு தேவையாகத்தான் இருக்கிறது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

வெறியில் இருக்கும்போது புத்தி சொல்ல வேண்டாம். காலையில் தெளிந்த நேரத்தில், "நேத்து பிள்ளை பயந்து அழுதுச்சுங்க" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

கங்காணியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டாம். கடன் அடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். தன் குடியின் விளைவை அவர் தானே பார்க்க வேண்டும்.

தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்காதீர்கள். டைசல்பிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். அது வைத்தியர் பார்வையில், அவருடைய சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டியது.

புல் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெறியும் கோபமும் சேர்ந்த ஒரு நிமிடத்தில் அதை எடுத்துக் குடித்தவர்கள் பலர்.

அடியைப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை அல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்கள் உதவிக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

எங்கே போவது?

முதலில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் அல்லது எங்களிடம் வாருங்கள். இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. "பைத்தியத்துக்குப் போற இடம்" என்று கூச்சப்பட வேண்டாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்து அங்கேதான் கிடைக்கும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்திலும், மனநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். வலிப்பு, கண் மங்கல், மயக்கம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நிறுத்தியவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கைவிட வேண்டாம். சறுக்கி விழுவது இந்த நோயில் சகஜம். பலர் இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகே முழுதாக விட்டிருக்கிறார்கள். லயத்தில் ஒருவர் விட்டு ஒரு மாதம் கழிந்தால் பக்கத்துக் காம்பிராக்காரர் அவரைக் கேலி செய்யாமல், "இன்னைக்கு ஒரு கிளாஸ் போடு மச்சான்" என்று கூப்பிடாமல் இருந்தாலே பெரிய உதவி. தலைவர்மாரும் கோயில் கமிட்டியாரும் மாதர் சங்கத்தாரும் அந்தத் துணையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.