மழைக்கு முன்னே ஒரு கற்பூரவள்ளித் தொட்டி!

ஐப்பசி அடைமழை பிடித்ததும் வேதாரண்யம் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். ‘கற்பூரவள்ளி இலை ரெண்டு வாட்டிச் சாறு கொடுங்கம்மா’ என்றால், ‘செடி அழுகிப் போச்சுங்களே டாக்டர்!’ என்று பதில் வருகிறது. தேவைப்படும் நேரத்தில்தான் இந்தச் செடி நம்மைக் கைவிடுகிறது.

ஏன் அழுகுகிறது? இதன் தண்டும் இலையும் சதைப்பற்றானவை. தண்ணீரைத் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும். காய்ச்சலைத் தாங்கும், வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. ‘நம்ம ஊரு மணல்தானே, வடிஞ்சிடும்’ என்று நினைக்காதீர்கள். அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் வடிய இடமேது? போதாததற்கு உப்புக்காற்று வேறு!

குளிர்நாடுகளில் ஃபூசியா என்ற பூச்செடியைப் பனிக்குப் பயந்து, தொட்டியில் வைத்து வீட்டுக்குள் காப்பாற்றுவார்கள். நமக்கு மழை. ஆனால் வழி ஒன்றுதான்.

புரட்டாசியிலேயே ஆரம்பியுங்கள். நல்ல கிளையில் அரைச் சாண் நீளம் ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். ஓட்டையுள்ள தொட்டியில் ஓட்டாஞ்சில்லு பரப்பி, 2 பங்கு ஆற்று மணல், 1 பங்கு செம்மண், 1 பங்கு மக்கிய சாண எரு கலந்து நடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு. இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

மழை தொடங்கியதும் தொட்டியை வெளிச்சம் வரும் தாழ்வாரத்தில், காற்றுக்கு மறைவாக, செங்கல் மேல் வையுங்கள். மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தை பிறந்ததும் வெயிலுக்குக் கொண்டுவந்து நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது இங்கே தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மரத்தை உள்ளே தூக்கி வைக்க முடியாது, தொட்டியை முடியும்.

இலையின் காரவாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ச் சத்துக்கள். ஓமத்தின் வாசனையும் தைமாலால்தான்! இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை டீஸ்பூன் சாறு தேனுடன் கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ இலையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று: ஒரு கிளையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து வையுங்கள். உங்கள் செடி போனாலும், அங்கே போய் ஒடித்துக்கொள்ளலாம் பாருங்கள்!