ஒரு நொடியில் நழுவிய பொன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் சைக்கிளில் செல்பவருக்கு மலையைப் பற்றிய கவலை இல்லை. எதிர்க்காற்றும் வெயிலுமே அவருக்குப் பகை. மேற்கே செஞ்சிப் பக்கம் திரும்பினாலோ காட்சி மாறிவிடுகிறது. யாரோ அள்ளிக் கொட்டிக் குவித்தாற்போல் பாறைமேல் பாறையாக நிற்கும் குன்றுகள். அவற்றின் உச்சியில் கோட்டை. அந்தப் பாறைகளின் இடுக்கில், சரியான தடங்கூட இல்லாத இடத்தில், ஒருவர் சைக்கிளிலேயே ஏறி இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். அதுவும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், பல நாட்டு வீரர்களோடு போட்டியிட்டுக்கொண்டு! இதுவே மலைச் சைக்கிள் பந்தயம்.

இவ்விளையாட்டின் பிறப்பு வேடிக்கையானது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர் சிலர், பருத்த டயர்கள் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மண்பாதையில் உருண்டோடி இறங்கினர். பின்சக்கரப் பிரேக்கை விடாமல் அழுத்தியதில் உள்ளிருந்த கிரீஸ் எரிந்து புகைந்தது. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், அந்தப் பந்தயத்திற்கே 'மறுபடி அடைப்பது' என்ற பொருளில் 'ரீபேக்' எனப் பெயர் வைத்துவிட்டனர். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார். அந்த விளையாட்டு 1990-இல் உலகப் போட்டியாகவும், 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் போட்டியாகவும் உயர்ந்தது.

இத்துறையில் நிகரற்ற வீரராகப் போற்றப்படுபவர் ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர். 1986-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், கிரவுபுண்டன் மாநிலத்தின் டெர்ஸ்னாவுஸ் என்னும் சிறிய மலைக் கிராமத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். மறு ஆண்டே கான்பெராவில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்தது பொன்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர்.

2012 ஆகஸ்ட் 12. லண்டன் ஒலிம்பிக்கின் இறுதி நாள். ஷூர்ட்டரும் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவியும் இத்தாலியரான மார்க்கோ ஃபொன்டானாவும் மற்றவர்களை விட்டு விலகி முன்னேறினர். கடைசிச் சுற்று. ஷூர்ட்டரே முன்னால். எல்லைக்கோடு கண்ணெதிரே தெரியும் வேளையில் குல்ஹாவி பாய்ந்து முந்தினார். குல்ஹாவி எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 29 நிமிடம் 7 நொடி. ஷூர்ட்டர் எடுத்துக்கொண்டது 1 மணி 29 நிமிடம் 8 நொடி.

ஒரே ஒரு நொடி! நான்காண்டு உழைப்பின் பலன், நாம் 'ஆமென்' என்று சொல்லி முடிப்பதற்குள் கைநழுவியது.

இவ்விடத்தில் நம் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டாமலும் பேச்சு வார்த்தை இல்லாமலும் பொழுது கழிகிறது! பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றுவிட்டதாம். அழுகிற மகளைத் தேற்ற வேண்டிய தந்தையே, "உன்னால் தலைகுனிவு" என்கிறார். அச்சொல் அவள் நெஞ்சில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதை அவர் அறிவாரா? பந்தயத்தைப் பற்றிக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய புனித பவுல் அடிகளாரும், ஓட்டக்காரருக்குரிய தன்னடக்கத்தையன்றோ எடுத்துரைத்தார்!

ஷூர்ட்டர் ஒதுங்கிவிடவில்லை. பயிற்சிக்குத் திரும்பினார். இவ்விளையாட்டில் கால்வலிமை மட்டும் போதாது. வழுக்குப் பாறையில் உடல் நிலைதவறாதிருக்க வேண்டும். அதற்காக ஆடும் பலகைமேல் நின்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் பயிற்சியையும் செய்தார். பார்ப்பவருக்குக் கழைக்கூத்தாடியின் வித்தை போலிருக்கும். 2013, 2015, 2016 என உலகப் பட்டங்கள் தொடர்ந்தன. 2016 ஆகஸ்ட் 21 அன்று ரியோ நகரில் ஒலிம்பிக் பொன்னும் வந்தது. அவருக்கு ஐம்பது நொடி பின்னால் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? அதே குல்ஹாவி!

மறு ஆண்டில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஆறிலும் அவரே முதல்வர். ஆயினும் ஏற்றத்தின் பின் இறக்கமும் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம்; பதக்கமில்லை. வயது முப்பத்தைந்து. இனி அவ்வளவுதான் என்றிருக்கையில், அடுத்த மாதமே இத்தாலியில் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். 2022-இல் பத்தாம் பட்டம். 2024-இல் பாரிஸில் ஒன்பதாவதாக வந்தார். அதுவும் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். 2025-இல், முப்பத்தொன்பதாம் வயதில், உலகக் கோப்பைப் பந்தயங்களில் 36 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார்.

சைக்கிள் வீரர்களுக்கு ஒரு பாதுகாவலி உண்டென்பது நம் வாசகருள் பலருக்குப் புதுச் செய்தியாயிருக்கலாம். வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, கிசால்லோ குன்றின்மேல் அன்னை மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கிசால்லோ அன்னையைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெங்கும் சைக்கிள்கள் தொங்குகின்றன. பெரும் பந்தயங்களை வென்ற ஜீனோ பார்த்தாலியின் சைக்கிளும் அங்கே உண்டு. 1995-இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து உயிர்நீத்த ஃபாபியோ காசார்தெல்லியின் நொறுங்கிய சைக்கிளும் அதே ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.