விகுதி காட்டும் ஆள்

“பார்க்கிறேன்” என்று ஒருவர் கூறினால், “யார் பார்க்கிறார்?” என்று நாம் வினவுவதில்லை. ‘நான்’ என்னும் சொல் அங்கே இல்லை. எனினும் இறுதியில் நிற்கும் ‘ஏன்’ விகுதியே பேசுபவரைக் காட்டிவிடுகிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் கற்றிருக்கிறோம். ஆங்கிலத்தில் இவ்வாறு எழுவாயை எளிதில் விட்டுவிட இயலாது. அம்மொழி தன் பழைய வினை விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஸ்பானிய மொழியோ, லத்தீனிலிருந்து பெற்ற விகுதிகளை இன்றும் காத்து வருகிறது. ஆதலின், அதன் வினைச்சொற்களைக் கற்கும் தமிழ் மாணவர் ஆங்கிலத்தை மறந்து, தமிழை நினைத்துக்கொள்வது நலம்.

ஸ்பானிய வினைகள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என முடியும் மூன்று வகுப்பின. அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492-இல் வெளியிட்ட காஸ்திலிய மொழி இலக்கணத்திலும் இப்பகுப்பைக் காணலாம். ‘மிரார்’ என்பது பார்த்தல் எனப் பொருள்படும். இறுதி ‘ஆர்’ நீங்கினால் ‘மிர்’ என்னும் பகுதி எஞ்சும். அதனோடு விகுதி சேர்ந்தால் நிகழ்கால வினைமுற்று பிறக்கும்.

மீரோ என்றால் பார்க்கிறேன், மீராஸ், பார்க்கிறாய், மீரா, பார்க்கிறான் அல்லது பார்க்கிறாள். பன்மையில் மிராமோஸ், பார்க்கிறோம், மிராயிஸ், பார்க்கிறீர்கள், மீரான், பார்க்கிறார்கள். தமிழில் ‘கிறு’ என்னும் இடைநிலை காலம் காட்டுவது போல இங்கே தனி இடைநிலை இல்லை. ஆளையும் எண்ணையும் காலத்தையும் இறுதியே உணர்த்துகிறது.

‘ஏர்’ வகுப்பைச் சார்ந்த ‘கொமேர்’, உண்ணுதல். அது கோமோ, கோமேஸ், கோமே, கொமேமோஸ், கொமேயிஸ், கோமேன் என வரும். ‘ஈர்’ வகுப்பைச் சார்ந்த ‘உனீர்’, இணைத்தல். அது ஊனோ, ஊனேஸ், ஊனே, உனீமோஸ், உனீஸ், ஊனேன் என வரும். இவ்விரு வகுப்புகளும் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டுமே வேறுபடுகின்றன. மூன்று வகுப்புக்கும் தன்மை ஒருமை ‘ஓ’ ஒன்றே. இவ்வளவும் உணர்ந்தால், பதினெட்டு வடிவங்களைத் தனித்தனியே உருப்போட வேண்டிய சுமை குறைந்துவிடும்.

இனி, விழிப்போடு இருக்க வேண்டிய இடங்கள் மூன்று உண்டு. முதலாவது, அழுத்தம். ‘மீரோ’ என முதலசையை அழுத்தினால் ‘பார்க்கிறேன்’. அதே சொல்லின் ஈற்றசையை அழுத்தினால் ‘பார்த்தான்’. நாவின் சிறு பிழையால் ஆளும் காலமும் ஒருங்கே மாறிவிடுகின்றன.

இரண்டாவது, எழுவாய். ‘யோ’ என்றால் நான். அதனை வாக்கியந்தோறும் சேர்ப்பவர், ‘நான்தான் பார்க்கிறேன்’ என்று ஓயாமல் தம்மையே முன்னிறுத்துபவர் போலத் தோன்றுவார். ஆனால் ‘மீரா’ என்பதில் ஆண், பெண் வேறுபாடு தெரியாது. ஐயம் எழும் அவ்விடத்தில் எழுவாயைக் கூறுவதே முறை.

மூன்றாவது, மரியாதை. ‘தூ’ என்பது நீ. ‘உஸ்தெத்’ என்பது தாங்கள். ‘தங்கள் அருள்’ என்னும் பொருளுடைய பழைய தொடர் தேய்ந்தே ‘உஸ்தெத்’ ஆயிற்று. ஆகவே அது படர்க்கை வினையையே ஏற்கும். ‘உஸ்தெத் மீரா’ என்றே கூற வேண்டும். அறிமுகமில்லாத முதியவரிடம் ‘மீராஸ்’ என்பது, நம் ஊரில் பெரியவரை ‘நீ பார்க்கிறாய்’ என்பது போன்றதாகும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் பன்மை முன்னிலைக்கும் ‘மீரான்’ வடிவமே வழங்குகிறது. ‘மிராயிஸ்’ ஸ்பெயினுக்கே பெரிதும் உரியது.

பட்டியலை மனப்பாடம் செய்தவர் தேர்வில் வெல்லலாம். விகுதிக்குள் ஓர் ஆள் நிற்கிறார் என உணர்ந்தவரோ, எதிரில் இருப்பவரோடு பிழையின்றியும் பண்போடும் பேசலாம். அவ்வுணர்வைத் தமிழ் நமக்கு முன்பே கற்பித்திருக்கிறது.