முழுமையும் உறுப்பும்

ஒரு பொருள் எதனால் ஆயது என்பதை உணர்த்தத் தமிழில் 'ஆல்' என்னும் வேற்றுமையுருபு பயன்படுகின்றது. மேசையும் மரத்தால் ஆயது. காகிதமும் மரத்தால் ஆயது. ஆங்கிலமோ இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறும். மேசையில் மரம் மரமாகவே நிற்கின்றது. ஆதலின் அதனை 'மேட் ஆஃப் உட்' என்பர். காகிதத்தில் மரம் கூழாகித் தன் உருவை இழக்கின்றது. ஆதலின் அதனை 'மேட் ஃப்ரம் உட்' என்பர். மூலப்பொருள் மாறாது நிற்பின் 'ஆஃப்' என்பதும், மாறிவிடின் 'ஃப்ரம்' என்பதும் வருதல் பெரும்பான்மை வழக்கு.

பல உறுப்புகள் கூடி ஒரு முழுமையாதலைக் கூறுங்கால், எழுவாய் எது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஐக்கிய இராச்சியம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. இங்ஙனம் முழுமை எழுவாயாயின், 'கன்சிஸ்ட் ஆஃப்' அல்லது 'கம்ப்ரைஸ்' என்னும் வினை வரும். அந்நான்கும் சேர்ந்து ஐக்கிய இராச்சியம் ஆகின்றன என உறுப்புகளை எழுவாயாக்கின், 'கம்போஸ்' அல்லது 'கான்ஸ்டிட்யூட்' வரும்.

'கம்ப்ரைஸ்' என்பது பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பற்றும் கை முழுமை. கையுள் அடங்குவன உறுப்புகள். இதனை நினைவிற்கொள்வோர் இச்சொல்லை ஆளுவதில் தடுமாறார். 'கன்சிஸ்ட்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஆதலின் 'இஸ் கன்சிஸ்டெட் ஆஃப்' எனச் செயப்பாட்டு வினையாக எழுதுதல் பிழையாகும்.

'இன்க்லூட்' என்னும் வினை இவற்றினின்று வேறுபட்டது. உறுப்புகளுள் சிலவற்றை மட்டும் கூறி, பிறவும் இருத்தல் கூடும் என்பதை அது குறிப்பாக உணர்த்தும். ஐக்கிய இராச்சியம் வேல்சை உள்ளடக்கியது என்னுமிடத்து அதுவே ஏற்ற சொல்.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. புதியன கண்டோர்க்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்குகின்றது. ஒருவர் தம் மருந்து இரு பொருள்களைக் கொண்டது என 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்னும் தொடரால் எழுதினால், அவ்விரண்டன்றிப் பிறிதில்லை என்பது பொருள். மூன்றாம் பொருளொன்றைச் சேர்த்து விற்பவரை அவ்வுரிமை பொதுவாகத் தடுக்காது. அவரே 'கம்ப்ரைசிங்' என எழுதியிருப்பின், அது கூடுதற் பொருள்களுக்கும் இடந்தரும் சொல்லாக அச்சட்டத்தில் கொள்ளப்படுதலின், அவ்விற்பனை உரிமை மீறலாகும். பல்லாண்டு உழைப்பின் பயன் கைவிட்டுப் போதலும் நிலைத்தலும் ஒரு வினைச்சொல்லைப் பொறுத்தமைதல் இதனால் விளங்கும்.