சுட்டியின் வேலை

ஒளியிழைச் செய்திப் போக்குவரத்தில் எஸ்.டி.எம்.-1 என்பது அடிப்படை அளவு. அதன் வேகம் நொடிக்கு 155.52 மெகாபிட் என்று தேர்வுக்காக உருப்போட்டவர் நம்முள் பலர். அந்த எண் பிறந்த வழி தொலைபேசியிலிருந்து தொடங்குகிறது.

மனிதக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் கொண்ட ஒரு பைட்டாக எழுதுவது தொலைபேசி மரபு. ஆகவே இங்கும் நொடிக்கு 8,000 சட்டகங்கள் புறப்படுகின்றன. ஒரு சட்டகத்தில் 9 வரிசை, 270 பத்தி. ஆக 2,430 பைட்டுகள். பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். அமெரிக்கர் முதலில் 13 வரிசை கேட்டனர்; ஐரோப்பியர் 9 என்றனர். 9 வரிசையில் ஐரோப்பிய 2 மெகாபிட் ஓடை 4 பத்திகளிலும், அமெரிக்க 1.5 மெகாபிட் ஓடை 3 பத்திகளிலும் அடங்கிவிடும். 1988-இல் பன்னாட்டு விதியாக 9 வரிசையே நிலைபெற்றது.

ஆனால் என் கருத்தில் இதன் உயிர்நிலை வேகமன்று. கடிகாரச் சிக்கலைத் தீர்த்த விதமே.

எந்த இரண்டு கடிகாரங்களும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. பழைய முறையில் 2, 8, 34, 140 மெகாபிட் எனப் படிப்படியாக ஓடைகளைச் சேர்த்து, வேக வேறுபாட்டை ஈடுகட்ட ஒவ்வொரு படியிலும் வெற்றுப் பிட்டுகளைத் திணித்தனர். விளைவு? நடுவழியில் ஒரே ஓர் ஓடையை இறக்க வேண்டுமானாலும் முழுவதையும் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நமக்கு இது எளிதில் விளங்கும்: இட்டார்சியில் ஒருவர் இறங்குவதற்காக வண்டியின் எல்லாப் பெட்டிகளையும் கழற்றி மாட்டுவது போன்றது!

புதிய முறையில் சட்டகத்தின் முதல் 9 பத்திகள் நிருவாகத்துக்கு உரியவை. அவற்றின் நான்காம் வரிசையில் இருப்பதே சுட்டி. சரக்கு எங்கே தொடங்குகிறது என்பதை 0 முதல் 782 வரையுள்ள ஓர் எண்ணால் அது சொல்கிறது. ஓர் எண்ணுக்கு 3 பைட்டு. சரக்கு பின்தங்கினால் 3 பைட்டு இடம் வெறுமையாக விடப்பட்டு எண் ஒன்று கூடும். முந்தினால் சுட்டியின் பகுதியிலேயே உள்ள 3 பைட்டு இடத்தில் சரக்கு ஏறி, எண் ஒன்று குறையும். சட்டகத்தின் அளவோ நேரமோ மாறுவதில்லை. உள்ளிருக்கும் சிறு ஓடைகளுக்கும் தனிச் சுட்டிகள் உண்டு. ஆதலால் 63 ஓடைகளுள் ஒன்றை மட்டும் இடையில் இறக்கி ஏற்றலாம்.

இன்று பொதிமுறை வலைகள் இதன் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன. வேகம் மிக வேண்டுமெனில், நான்கு எஸ்.டி.எம்.-1 ஓடைகளைப் பைட்டு பைட்டாகக் கோத்து 622.08 மெகாபிட் எஸ்.டி.எம்.-4 ஆக்குவர். அங்கும் ஒரு சட்டகத்துக்கு 125 மைக்ரோ நொடிதான்.